ராஜி ஆகிவிட்டோம், கேஸ் ஏன் இன்னும் முடியவில்லை?

தேனி மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வரப்பை வெட்டிச் சுருக்கிய தகராறில் 2023ல் பங்காளிகளுக்குள் அடிதடி. சித்தப்பா மகன் கொடுத்த புகாரில் இவர் தரப்பில் மூன்று பேர் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 324, கொலை மிரட்டலான 506(2) பிரிவுகளில் வழக்கு. பதிலுக்கு இவர்கள் கொடுத்த புகாரில் அந்தப் பக்கம் இரண்டு பேர் மேல் கிட்டத்தட்ட அதே பிரிவுகளில் இன்னொரு வழக்கு. அப்புறம் சித்தப்பா இறந்துபோனார். துக்கத்துக்குப் போன இடத்தில் பேச்சுவார்த்தை ஆகி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஸ்டேஷனில் கொடுத்தால், "குற்றப்பத்திரிகை போட்டாச்சு, கோர்ட்டுல பாத்துக்கங்க" என்கிறார்கள். கோர்ட்டில் கேட்டால், "இந்தப் பிரிவுல ராஜி ஆக முடியாது" என்கிறார்கள். மூன்றாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) இருக்கும் இவர் மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். அடிபட்டவரே வேண்டாம் என்ற பிறகு இந்தக் கேஸ் யாருக்காக நடக்கிறது என்பது அவருடைய கோபம்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வழக்கு நடத்துபவர் என்ற இடத்தில் உங்கள் சித்தப்பா மகன் பெயர் இருக்காது. அரசு, அரசுக்காக அந்தக் காவல் நிலைய ஆய்வாளர் என்றுதான் இருக்கும். உங்கள் சித்தப்பா மகன் பெயர் பின்னால் சாட்சிப் பட்டியலில் முதல் ஆளாக வரும். புகார் கொடுத்தவரை ஸ்டேஷனில் "வாதி" என்று சொல்லிச் சொல்லி, வழக்கே அவருடையது என்ற நினைப்பு நம் ஊரில் ஊறிவிட்டது. சட்டப்படி அவர் வெறும் சாட்சி. தன்னுடையது இல்லாத வழக்கை அவர் எப்படி வாபஸ் வாங்குவார்?

எல்லா வழக்கும் அப்படி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320வது பிரிவில் ஓர் அட்டவணை உண்டு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 359வது பிரிவு. எந்தக் குற்றத்தை யார் சமரசம் செய்துகொள்ளலாம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். சாதாரணக் காயமான 323, வழிமறிப்பான 341 போன்றவற்றில் அடிபட்டவர் சரி என்றால் போதும். கொடுங்காயமான 325, மோசடியான 420 போன்றவற்றில் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். இந்த அட்டவணைக்குள் இருந்தால் ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட்டிலேயே ராஜி மெமோ போட்டு முடித்துக்கொள்ளலாம். அதற்கு விடுதலையின் பலன் உண்டு என்று சட்டமே சொல்கிறது. மக்கள் நீதிமன்ற நாளில் இப்படிப் பல வழக்குகள் முடிவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வழக்கு மாட்டிக்கொண்டிருப்பது 324லும் 294(பி)யிலும். இரண்டுமே அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லாததை வேறு எந்த வழியிலும் சமரசம் செய்யக் கூடாது என்று அதே பிரிவின் ஒன்பதாவது உட்பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. நடுவர் "முடியாது" என்றது அதனால்தான். மண்வெட்டிக் கணையால் ஒரு அடி விழுந்திருந்தால் 324 வந்துவிடும். வாய்ச்சண்டையில் நாலு கெட்ட வார்த்தை வந்தால் 294(பி). அது பொது இடத்தில் பேசியதற்கான குற்றம் என்பதால், மன்னித்துவிடுகிறேன் என்று சொல்ல அதில் தனி ஒரு ஆளே கிடையாது. நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் இந்த நான்கு பிரிவுகளும் கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை நாடும்" மாதிரி ஒன்றாகத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், எலும்பு முறிந்த 325க்கு ராஜி உண்டு, கம்பால் சிராய்ப்பு ஏற்பட்ட 324க்கு இல்லை. இதில் தர்க்கம் தேடாதீர்கள்.

சரி, வழி என்ன? உயர் நீதிமன்றம். பழைய சட்டத்தில் 482, புதியதில் 528. நீதியின் நோக்கத்தைக் காக்கவும், நீதிமன்ற நடைமுறை தவறாகப் பயன்படுவதைத் தடுக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு இயல்பாகவே இருக்கும் அதிகாரம் அது. அந்த அதிகாரத்தில் எஃப்.ஐ.ஆரையோ குற்றப்பத்திரிகையையோ ரத்து செய்யச் சொல்லிக் கேட்பதைத்தான் வக்கீல்கள் "குவாஷ் போடுறது" என்கிறோம். உங்கள் சம்பவம் 2023 என்பதால் குற்றப் பிரிவுகள் பழைய தண்டனைச் சட்டத்தின்படியே தொடரும். இப்போது புதிதாகப் போடும் மனுவை 528ல்தான் போடுவார்கள். தேனி என்பதால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

சட்டம் சாத்திய கதவை உயர் நீதிமன்றம் எப்படித் திறக்கலாம் என்ற கேள்வி சின்னது இல்லை. உச்ச நீதிமன்றமே இதில் பத்து வருஷம் தடுமாறியது. 2003ல் பி.எஸ்.ஜோஷி வழக்கில், கணவன் மனைவி பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மனைவியே பிரமாணப் பத்திரம் கொடுத்தும், மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான 498ஏ வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. 320வது பிரிவு உயர் நீதிமன்றத்தின் 482 அதிகாரத்துக்கு வேலி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008ல் நிகில் மெர்ச்சன்ட் வழக்கில் வங்கியோடு கணக்குத் தீர்த்துக்கொண்ட ஒரு சி.பி.ஐ. வழக்கும் அப்படியே ரத்தானது. 2010ல் வேறொரு அமர்வு, நாடாளுமன்றம் வேண்டாம் என்று விட்டதை நீதிமன்றம் பின்வாசல் வழியாகக் கொடுப்பது சட்டத்தைத் திருத்துவது போல் ஆகாதா என்று சந்தேகம் கிளப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதற்கான பதில்தான் 2012 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் கொடுத்த கியான் சிங் தீர்ப்பு. இன்றைக்கும் எந்த ராஜி குவாஷ் மனுவை எடுத்தாலும் அந்தப் பெயர் இருக்கும்.

கியான் சிங் சொன்னதன் சாரம் இதுதான். சமரசம் செய்வது வேறு, ரத்து செய்வது வேறு. சமரசத்தில் பாதிக்கப்பட்டவரின் விருப்பம் முடிவு செய்கிறது, சட்டத்தின் அட்டவணை அதற்கு எல்லை. ரத்தில் முடிவு செய்வது நீதிமன்றம். ராஜி அதற்கு முன்னால் வைக்கப்படும் பல காரணங்களில் ஒன்று. குற்றத்தின் தன்மை என்ன, அது இரண்டு வீட்டுக்குள் நிற்கிறதா ஊரையே தொடுகிறதா, இனி விசாரணை நடந்தாலும் தண்டனை கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்றெல்லாம் நீதிபதி தானே எடைபோட வேண்டும். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுதாலும் ரத்து கிடையாது. அரசு ஊழியர் பதவியில் இருந்து செய்த ஊழலுக்கும் கிடையாது. வியாபாரம், பணம், பங்குதாரர், கல்யாணம், குடும்பம் என்று சிவில் வாடை தூக்கலாக இருக்கும் வழக்குகளுக்கு இடம் உண்டு. பங்காளி வரப்புச் சண்டை இந்தக் கடைசி வகையில் அழகாக உட்காரும்.

ஆகவே "எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது, ரத்து செய்யுங்கள்" என்று உரிமையாகக் கேட்கும் இடம் அது இல்லை. ஏன் ரத்து செய்வதில் நியாயம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய இடம். இதைப் புரிந்துகொண்டு மனு எழுதினால் பாதி வேலை முடிந்தது.

கொலை முயற்சியான 307 இருந்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். 2014ல் நரீந்தர் சிங் வழக்கில், எஃப்.ஐ.ஆரில் 307 என்று எழுதியிருப்பதாலேயே முடிவு கட்ட வேண்டாம், காயம் உடம்பில் எங்கே, எந்த ஆயுதம் என்று பாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2019ல் லட்சுமி நாராயண் வழக்கில் பிடியைக் கொஞ்சம் இறுக்கியது. எதிரிக்கு முன்வழக்கு உண்டா, தலைமறைவாக இருந்தவரா, புகார்தாரரை எப்படி ராஜிக்குக் கொண்டுவந்தார் என்பதையும் பார்க்கச் சொன்னது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் இன்னும் கடுமை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் மாணவி சம்பந்தமாக வந்த வழக்கு, பெண்ணின் அப்பாவோடு ராஜி ஆனது என்று அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. எனக்குக் கேட்டால் சரியான தீர்ப்பு. பிள்ளைக்கு நடந்ததற்கு அப்பா விலை பேச முடியாது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் கதவு முழுக்கச் சாத்தவில்லை. 2021ல் ராம் அவ்தார் வழக்கில், அடிப்படையில் நிலத்தகராறு போன்ற தனிப்பட்ட விவகாரம் என்றால் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அந்த ராஜியின் பின்னால் ஊர்க் கட்டாயம் இருக்கிறதா என்று நீதிபதி இரண்டு மடங்கு துருவுவார், துருவத்தான் வேண்டும்.

இனி உங்கள் வேலை. முதலில், மனு ஒன்று இல்லை, இரண்டு. உங்கள் வழக்குக்கு உங்கள் தரப்பு எதிரிகள் மூன்று பேரும் மனுதாரர்கள். எதிர் வழக்குக்கு அந்தத் தரப்பு இரண்டு பேர். இரண்டையும் ஒரே நாளில் தாக்கல் செய்து, ஒன்றாகப் பட்டியலில் வரும்படி பாருங்கள். ஒன்று முடிந்து இன்னொன்று தொங்கினால், மூன்று மாதத்தில் யாராவது ஒரு சம்பந்தி எதையாவது கிளப்பி மறுபடி வாய்த்தகராறு ஆகும். ஒவ்வொன்றிலும் முதல் எதிர்மனுதாரர் காவல் ஆய்வாளர், இரண்டாவது புகார் கொடுத்தவர். புகார் கொடுத்தவர் தவிர வேறு யாருக்காவது காயம் பட்டிருந்தால், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். அவரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். புகார்தாரர் வந்து நிற்பார், தலையில் மூன்று தையல் போட்ட அவர் அக்கா வரமாட்டார். நீதிபதி முதல் கேள்வியாக அக்காவைத்தான் கேட்பார்.

முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை மட்டும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். ஊர்ப் பேச்சில் எழுதும் தாள்களில் "மீறினால் ஒரு லட்சம் அபராதம்", "இனி கோர்ட்டுக்குப் போகக் கூடாது" மாதிரி வரிகள் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் நீதிபதிக்கு மிரட்டல் வாசனை அடிக்கும். தனியாக ஒரு கூட்டு சமரச மெமோ போடுங்கள். சண்டை எதனால் வந்தது, என்ன பேசி முடித்தீர்கள், வரப்பு இப்போது எங்கே நிற்கிறது, மருத்துவச் செலவுக்கு ஏதாவது கொடுத்திருந்தால் எவ்வளவு என்று உள்ளது உள்ளபடி. பணம் கொடுத்ததை மறைப்பதுதான் தப்பு. இரண்டு தரப்பும் கையெழுத்து, புகார்தாரரின் தனிப் பிரமாணப் பத்திரம், எல்லோருடைய ஆதார் நகல்.

நாள் வந்தால் எல்லோரும் நேரில் வர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்து இவர்தான் அவர் என்று அடையாளம் சொல்வார். நீதிபதி புகார்தாரரைக் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்பார். இந்த நேரத்தை லேசாக நினைக்காதீர்கள். ஒருமுறை எனக்கு முன்னால் கூப்பிட்ட வழக்கில், அறுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேஸ் வேண்டாம்னு நீங்களா சொல்றீங்களா?" என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மா திரும்பி, பின்னால் நின்ற ஒரு ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த ஆளை வெளியே போகச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார்கள். "எழுதினதெல்லாம் அவுகதான்யா, எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். மனு அன்றைக்கே தள்ளுபடி. மெமோவைத் தமிழில் எழுதி, புகார்தாரருக்கு முழுக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது அன்றிலிருந்துதான்.

நீதிபதிக்குத் திருப்தி என்றால், வழக்கை ரத்து செய்து, அந்த மெமோவைத் தீர்ப்பின் ஒரு பகுதியாக ஆக்கிவிடுவார். சில நேரம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ ஒரு பொது நோக்கத்துக்கோ கொஞ்சம் பணம் கட்டச் சொல்வார். அதைக் கெடுவுக்குள் கட்டி ரசீதைத் தாக்கல் செய்யாவிட்டால் உத்தரவே ஆட்டம் காணும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். கோர்ட் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்னால் போனால் நீதிமன்றம் தாராளமாக இருக்கும், சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் போனால் தயங்கும் என்று நரீந்தர் சிங் தீர்ப்பே சொல்கிறது. தண்டனைக்குப் பிறகு கதவு சாத்தியது போலத்தான் இருந்தது. 2021ல் ராம்கோபால் வழக்கில், கொடூரமில்லாத குற்றங்களில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் ரத்து செய்யலாம் என்று கொஞ்சம் திறந்தார்கள். உங்கள் வழக்கில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்றால் இப்போதே போங்கள்.

இதைச் சொன்னால் ஊரில் ஒருவர் கட்டாயம் குறுக்கே வருவார்: "எதுக்கு மதுரைக்கு அலையணும்? சாட்சிக் கூண்டுல ஏறி 'யார் அடிச்சான்னு தெரியல'ன்னு சொல்லிட்டா கேஸ் தானா போயிடும்." நடப்பது உண்மைதான். பிறழ் சாட்சியால் விடுதலை ஆகும் அடிதடி வழக்குகள் நம் கோர்ட்டுகளில் தினமும் உண்டு. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் இது கெட்ட யோசனை. முதலாவது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லச் சொல்கிறீர்கள், உங்கள் சித்தப்பா மகனைப் பொய்ச்சாட்சி வழக்கில் மாட்டிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. இரண்டாவது, அப்படி வரும் விடுதலை பெரும்பாலும் "சந்தேகத்தின் பலன்" என்ற வார்த்தையோடு வரும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ளும் விளக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டித் தேர்வானவர்களையும் நிராகரித்திருக்கிறார்கள்.

குவாஷ் ஆனால் வேலை நிச்சயமா? அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். வழக்கே ரத்தானது என்று காட்டுவது நல்ல நிலைதான், ஆனாலும் தேர்வுத் துறை தனியாகப் பரிசீலிக்கும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். "உங்கள் மேல் வழக்கு ஏதும் இருந்ததா" என்ற கட்டத்தில், ரத்தாகிவிட்டதே என்று "இல்லை" போட வேண்டாம். வழக்கு எண், ரத்தான தேதி எல்லாம் எழுதி, உத்தரவு நகலை இணைக்கச் சொல்லுங்கள். 2016ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. சின்ன வழக்கை மறைத்ததற்காகவே வேலை இழந்தவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னவர் பக்கம் பேச ஏதாவது இருக்கும்.

இதே கேள்வியைக் கணவன் மனைவி வழக்கில் கேட்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 498ஏ அட்டவணையில் இல்லை, ஆகவே அதுவும் குவாஷ்தான். ஆனால் அங்கே பயம் வேறு மாதிரி. பணம் கொடுத்த பிறகு அவள் வராவிட்டால் என்று இவனுக்கு, வழக்கு முடிந்த பிறகு பணம் வராவிட்டால் என்று அவளுக்கு. அதனால் தொகையைத் துண்டாக்கி, சம்மத விவாகரத்தின் முதல் வாய்தாவில் ஒரு பங்கு, கடைசிப் பங்கு குவாஷ் நாளில் நீதிமன்றத்திலேயே டி.டி.யாக என்று எழுதுவது வழக்கம். டி.டி. எடுக்கும்போது பெயரைப் பாருங்கள். மனைவியின் வங்கிக் கணக்கு அப்பா இனிஷியலில் இருக்க, கணவன் வீட்டார் பழக்கத்தில் அவன் பெயரை இனிஷியலாகப் போட்டு எடுத்து வந்த டி.டி.யால் இரண்டு வாரம் தள்ளிப்போன வழக்கு எனக்குத் தெரியும். பலனை வாங்கிக்கொண்டு பிறகு பின்வாங்கினால் நீதிமன்றம் கேட்காது என்பதற்கு 2004ல் வந்த ருசி அகர்வால் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் அதை நம்பிப் பணத்தை முன்னாலேயே மொத்தமாகக் கொடுக்காதீர்கள். செக் வழக்குக்கு இத்தனை சுற்று தேவையில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவில் வரும் அந்த வழக்குக்கு அதே சட்டத்தின் 147வது பிரிவே எந்த நிலையிலும் ராஜிக்கு இடம் தருகிறது. தள்ளிப்போட்டால் அதற்கென்று ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், அவ்வளவே.

கடைசியாக, ஆர்டர் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறக்கும் ஒன்று. மதுரையில் ரத்தானது உங்கள் ஊர் ஜே.எம். கோர்ட்டுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருக்காதீர்கள். சான்றிட்ட நகலை வாங்கி, சி.சி. எண்ணை (அந்தக் கோர்ட்டின் வழக்கு எண்ணை) குறிப்பிட்டு ஒரு மெமோவோடு அங்கே தாக்கல் செய்யுங்கள். ஸ்டேஷனிலும் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வழக்குக்கும் தனித்தனியாக. அந்த நகல் போய்ச் சேரும் வரைக்கும் வருகிற வாய்தாவுக்கு ஐந்து பேரும் ஆஜராகிவிடுங்கள். "அதான் முடிஞ்சுபோச்சே" என்று போகாமல் இருந்த ஒருவரை, ரத்தான வழக்கின் வாரண்டுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். செல்போனில் இருந்த ஆர்டரைக் காட்டியும், மறுநாள் கோர்ட் திறந்த பிறகுதான் அவரால் வீட்டுக்கு வர முடிந்தது.